சுண்ணாம்பு அடித்த ஆற்றங்கரைப் பாதை

நடந்தவற்றை நடந்தபடியே சொல்வேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைத்துச் சொல்ல மாட்டேன், யாருடைய முகம் கோணினாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். இந்த உறுதியை முதலில் மேடையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகே என் வணக்கங்களைத் தொடங்குகிறேன்.

இந்த விழாவின் தலைமை நாற்காலியில் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர், யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்து ஊவாவின் மழைக்குக் குடை பிடித்துப் பழகிய பெருந்தகை தர்மராசா ஐயா அவர்களே. ஊற்றுமலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் குரலைத் தம் தொண்டையில் சுமந்து திரியும் தலைவர் மாரிசாமி அவர்களே. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்மலையும் எழுந்து வந்து வரிசையில் நிற்குமோ என்று எண்ணவைக்கும் பெருங்குரலோன், வீட்டில் எனக்கு அப்பாவாகவும் வெளியில் எல்லோருக்கும் கங்காணியாகவும் விளங்கும் லூக்காஸ் அவர்களே. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், இன்று புதுச் சப்பாத்து அணிந்து வந்திருக்கும் அலவி ஐயா அவர்களே. ஹாலிஎலையிலிருந்து நமக்கெல்லாம் பேக்கரிப் பாண் கொண்டுவரும் ஸஹாப்தீன் நானா அவர்களே. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து, நெற்றியில் கயிற்றின் தடம் மறையுமுன் வந்து, நிற்க இடமில்லாவிட்டாலும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே. மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் ஜெயமலர் அத்தை அவர்களே. அவருடைய மகள், பத்தாம் வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழி வதனி அவர்களே. உங்கள் அனைவருக்கும் அனுஷ்காவின் அன்பான வணக்கம்.

என்ன அத்தை, ஏன் இன்னும் குனிகிறீர்கள்? தூண் அவ்வளவு அகலமில்லை.

எதற்காக இந்தக் கூட்டம்? ஹாலிஎல வீதியோரம் இருக்கும் நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றங்கரையோடு ஒட்டியே ஆத்துப் பிரிவு லயத்து வீடுகள் வரைக்கும், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற ஒரு பாதை அமைக்க அனுமதி கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாடத்தான் இந்தக் கூட்டம். பாதை வந்துவிட்டதா? வரவில்லை. மண் வெட்டினார்களா? வெட்டவில்லை. கல் இறக்கினார்களா? இறக்கவில்லை. ஆனால் மேடை போட்டாயிற்று, தோரணம் கட்டியாயிற்று, ஒலிபெருக்கி வந்தாயிற்று. பாதைக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும் தோட்டம் நம் தோட்டம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் முறையும் வரும்.

இந்தப் பாதை யாருக்காக? ஆத்துப் பிரிவுப் பிள்ளைகளுக்காக. அவர்கள் பள்ளிக்கு வர இன்றைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று லொறிப் பாதை. அது மலையில் ஏறி, தொழிற்சாலையைச் சுற்றி, டர்பன்டைன் மரக் காட்டுக்குள் புகுந்து, தன் இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும். வழியில் ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. மற்றது ஆற்றங்கரை ஒற்றையடி. கிட்டத்து வழி, ஏற்ற இறக்கமில்லாத வழி. ஆனால் மழை பெய்தால் வழுக்கும். நடுவே ஓர் ஓடை வந்து ஆற்றில் விழுகிறது. அதன் மேல் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. தண்ணீர் ஏறினால் கட்டை தெரியாது. கட்டை தெரியாவிட்டால் கடக்க முடியாது.

காலையில் கவலையில்லை, கூட்டமாக வந்துவிடுவார்கள். மாலையில்தான் கவலை. பதினோராம் வகுப்புக்குப் போனால் சாதாரண தரப் பரீட்சைக்காக மாலை வகுப்பு நடக்கும். அது முடியும்போது மலைக்குப் பின்னால் பொழுது போய்விடும். ஆற்றில் தண்ணீர், காட்டில் இருட்டு. பெண்பிள்ளையை எந்த வழியில் வரச்சொல்வார்கள்?

இந்த மண்டபத்தில் உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆத்துப் பிரிவில் பிறந்து, பதினோராம் வகுப்பு முடித்து, பரீட்சை எழுதிய பெண்கள் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.

பார்க்கிறேன்.

இன்னும் பார்க்கிறேன்.

ஒரு கையும் இல்லை. நன்றி. இனி நாம் மறுபடியும் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கை இல்லாததை மறக்காமல் சிரிப்போம்.

என் தோழி வதனி கணக்கில் புலி. என்னைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் உறுதி கூறிவிட்டேன். அவள் வரும் தை மாதம் பதினோராம் வகுப்புக்கு வர வேண்டும். வருவாளா? இவ்வருட நடுப்பகுதியில் ஜெயமலர் அத்தையிடம் கேட்டேன். கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை அனுப்பப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் அத்தை?" என்றேன்.

"வேற என்ன செய்ய தாயி? புள்ளைய அந்தக் காட்டுப் பாதையில விட்டுட்டு, நான் லயத்து வாசல்ல நெஞ்சு பதற நிக்கணுமா? கொழும்புன்னா கதவு இருக்கு, வெளக்கு இருக்கு."

"பாதை வந்தா?"

"வரட்டும், பாப்போம்."

அந்த "பாப்போம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், அன்பர்களே, இத்தனை பேரும் ஓடினோம்.

அதிபர் ஐயாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யோசனை வருகிறது என்று அர்த்தம். நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பாதை போட மாகாணத்தில் ஓர் ஒதுக்கீடு இருப்பதாக எங்கேயோ வாசித்திருக்கிறாராம். ஆற்றங்கரை அரசாங்க நிலம் என்பதால் பிரதேச சபை மூலம் கேட்கலாமாம். உடனே ஒரு குழு அமைத்தார். குழு இந்த மண்டபத்தில்தான் கூடியது.

முதல் கேள்வியைத் தலைவர் மாரிசாமி கேட்டார். "சைக்கிள் பாதைங்கிறீங்களே சார், நம்ம தோட்டத்துல சைக்கிள் எங்கங்க இருக்கு?"

"பாதை இல்லாதபடியால்தான் சைக்கிள் இல்லை. பாதை வந்தால் சைக்கிள் தானாய் வரும்" என்றார் அதிபர்.

என் அப்பா எழுந்தார். "அப்ப தண்டவாளம் போட்டா ரயிலும் தானா வந்துருங்களா சார்?"

"லூக்காஸ், நீர் இரும்" என்றார் அதிபர்.

அப்பா இருந்தார். ஆனால் கேள்வி இருந்தபடியே இருந்தது. சைக்கிள் பாதை கேட்கிற தோட்டத்தில் ஒரு சைக்கிளாவது இருக்க வேண்டாமா? அப்போதுதான் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. பாண் பெட்டியோடு ஸஹாப்தீன் நானா வந்து நின்றார். வந்தவரை உள்ளே இழுத்தோம். பாண் விற்க வந்தவர் குழுவின் சைக்கிள் நிபுணர் ஆனார்.

"நானா, எவ்வளவு காலமா சைக்கிள் ஓட்டுறீங்க?" என்று தலைவர் மரியாதையோடு விசாரித்தார்.

"ஓட்டுறதா? ஹாலிஎலையில ஏறுவன், தோட்டத்து வாசல்ல இறங்குவன். அதுக்கு அங்கால நான்தான் இத தள்ளுறன். சும்மா சொல்லக்கூடாது, இதுவும் பேசாம வருது."

அடுத்து, அதிபரும் தலைவரும் தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்க்கப் போனார்கள். பாதை இரண்டு இடத்தில் தேயிலை மலையின் ஓரத்தைத் தொடுகிறது; அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். துரை நல்லவர். சிங்களம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார்.

"நம்ம தோட்டத்தில் எத்தனை சைக்கிள் இருக்கு?" என்று அவரும் கேட்டார்.

"ஒன்னு இருக்குங்க ஐயா" என்றார் தலைவர்.

"யாரோட?"

"அது தோட்டத்து ஆளோடது இல்லைங்க ஐயா."

துரை சிரித்துவிட்டாராம். சிரித்த துரை மறுக்க மாட்டார் என்பது தலைவரின் கணக்கு. கணக்கு பிழைக்கவில்லை. ஒரு தேயிலைச் செடியும் பிடுங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். இனி ஒன்றே ஒன்று பாக்கி. பிரதேச சபையிலிருந்து அலவி ஐயா வந்து இடத்தைப் பார்த்து, பாதை தேவை என்று எழுத வேண்டும்.

ஆவணி மாதம். திங்கட்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. எதற்கு வருகிறார்? வழி எவ்வளவு மோசம் என்று பார்க்க வருகிறார். அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பெரியோர்களே, தாய்மார்களே, கேட்கிறேன்: யாராவது பெரியவர் வரும்போது ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர் இந்தத் தோட்டத்தில் யார்?

வெள்ளிக்கிழமைப் பெரட்டு. பனி விலகாத காலை. அப்பா குரல் எடுத்தார். "திங்கக்கெழம பெரிய ஆளு வாறாரு. ஆத்தோரம் பூரா புல்லு செதுக்கணும், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், கொடி கட்டணும்."

யாராவது ஏன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. பெரிய துரை வந்தால் சுண்ணாம்பு. கம்பெனிக்காரர் வந்தால் சுண்ணாம்பு. தேர்தலுக்கு ஆள் வந்தால் சுண்ணாம்பு. யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று யோசிக்குமுன் நம் கை வாளியைத் தேடிப் போய்விடுகிறது.

சனியும் ஞாயிறும் சிரமதானம். புல்லைச் செதுக்கினீர்கள், புற்றைச் சரித்தீர்கள், பள்ளத்தை நிரப்பினீர்கள், பாசியைச் சுரண்டினீர்கள். கல்லுக்குச் சுண்ணாம்பு, கட்டைக்குச் சுண்ணாம்பு, கரையோரக் கொய்யா மரத்தின் காலுக்கும் சுண்ணாம்பு. நிற்பதெல்லாம் வெள்ளையாயிற்று. நடந்ததெல்லாம் தப்பியது. மாரிசாமி தலைவர் வீட்டு நாய் படுத்திருந்தது; அதற்கு வால் மட்டும் வெள்ளையாயிற்று. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரு நீளப் பலகை உண்டு. அதைத் தூக்கி வந்து ஓடைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினீர்கள். பாலம் தயார்.

படித்தவரான அதிபர் ஐயா இதைப் பார்த்தாரா? பார்த்தார். என்ன சொன்னார்? "வடிவாய் இருக்குது" என்றார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையைச் சொல்லும்படி நேற்று என்னிடம் சொன்னவரே நீங்கள்தான். "ஆனா பிள்ளை, என்னைப் பற்றிக் கொஞ்சம் சுருக்கமாய்ச் சொல்லும்" என்றீர்கள். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அலவி ஐயா வந்தார். மாலை போட்டோம். இளநீர் கொடுத்தோம். வரவேற்புப் பாட்டுப் பாடினோம். அவர் நடந்தார். சப்பாத்தில் ஒரு துளி சேறு படவில்லை. பலகைப் பாலத்தைக் கடந்தார். கொடிகளைப் பார்த்தார். குனிந்து ஒரு வெள்ளைக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பினார்.

"இங்க என்ன குறை இருக்கு?"

அன்பர்களே, இதற்காகத்தானே காத்திருந்தோம்? இந்தக் கேள்விக்காகத்தானே குழு, இந்தக் கேள்விக்காகத்தானே கூட்டம்? தலைவர் மாரிசாமி சால்வையைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். கைகூப்பினார்.

"ஒரு குறையும் இல்லைங்க ஐயா. உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்குங்க."

அலவி ஐயா அதிபரைப் பார்த்தார். "சேர், பதுளை டவுன்லயும் இப்பிடி ஒரு பாதை இல்ல. இதுக்கு மேல நான் என்னத்த போடுற?"

நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். நம் கோரிக்கை விழுந்த சத்தம் நமக்குக் கேட்காதபடி பலமாகக் கைதட்டினோம்.

தலைவர் ஏதோ சொல்ல விரும்புகிறார். சொல்லுங்கள் தலைவரே. மரியாதைக்குச் சொன்னதாமா? தெரியும், அந்த இடத்துக்கும் வருகிறேன்.

அடுத்த வாரமே பதில் வந்தது. ஆற்றங்கரையில் நல்ல பாதை ஏற்கனவே இருப்பதால் புதிய பாதை தேவையில்லை. அதே வாரம் ஒரு மழை பெய்தது. சுண்ணாம்பெல்லாம் கரைந்து ஆற்றோரம் பாலாக ஓடியது. பலகை பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பிப் போயிற்று. வழி பழையபடி வழுக்கியது. ஜெயமலர் அத்தை பசறைச் சந்தைக்குப் போய், வதனிக்கு ஒரு பயணப் பை வாங்கி வந்தார். நீல நிறப் பை. வதனி அதைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சொன்னபோது நிறத்தை மட்டும்தான் சொன்னாள். 

அன்று எங்கள் வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார். "சீக்காளிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகயில, பவுடர் பூசி, தலை வாரி, ஒடம்புக்கு ஒன்னும் இல்லைங்கன்னு சொன்னா, யாரு மருந்து குடுப்பா?"

"நான் ஒருத்தன் சொன்னேன். நீங்க அம்புட்டுப் பேரும் ஏன் செஞ்சீங்க?"

"பெரட்டுல சொன்னா செய்யாம இருக்க முடியுமா?"

அப்பா தட்டை இழுத்துக்கொண்டார். ரொட்டியைக் கட்டசம்பலில் தொட்டார், வைத்தார், மறுபடி தொட்டார். அம்மாவின் கேள்விக்கு இந்த மண்டபத்தில் யாருக்காவது பதில் தெரியுமா? எனக்குத் தெரியாது.

அதிபரும் தலைவரும் ஸஹாப்தீன் நானாவும் பதுளைக்குப் பஸ் ஏறினார்கள். அலவி ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அங்கே நடந்ததை நானா எனக்கு நடித்தே காட்டினார்.

"அண்டைக்கு நீங்கதானே சொன்னீங்க, ஒரு குறையும் இல்லண்டு?" என்று அலவி ஐயா கேட்டாராம்.

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க ஐயா" என்றாராம் தலைவர்.

"அப்ப மரியாதை இல்லாம ஒருக்கா சொல்லுங்க, கேப்பம்."

தலைவர் வாயைத் திறந்தாராம். மூடினாராம். மறுபடி திறந்தாராம். "வர மாட்டேங்குதுங்க ஐயா" என்றாராம்.

அலவி ஐயாவும் சிரித்துவிட்டாராம். "சரி. இன்னொருக்கா வாறன். எப்ப வாறண்டு மட்டும் சொல்ல மாட்டன்."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். நாம் பொய்யாக வெள்ளையடித்ததை மன்னித்தார். மறுபடி வெள்ளையடிக்க நேரம் கொடுக்காமல் விட்டார். இந்த இரண்டாவது உதவிதான் பெரிய உதவி.

ஐப்பசி பிறந்தது. மழை, மழை, மறுபடியும் மழை. ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், குடையோடும் கறுப்புச் சப்பாத்தோடும் அலவி ஐயா வாசலில் நிற்கிறார். மேலே மலையில் கொழுந்தெடுப்பவர்களோடு நின்ற என் அப்பா அவரைக் கண்டுவிட்டார். கண்டதும் வந்ததே அந்தக் குரல். "அடேய், சுண்ணாம்பு வாளி எங்கடா?"

கொழுந்து வரிசையிலிருந்து என் அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சும்மா நில்லுங்க."

அப்பா சும்மா நின்றார். ஊற்றுமலைத் தோட்டத்துக்கு லூக்காஸ் கங்காணி அவர்கள் ஆற்றிய சேவைகள் பல. அவற்றுள் தலையாயது, அன்றைக்கு அவர் சும்மா நின்ற சேவை. அதற்காக இந்த மேடையில் அவருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கைதட்டுங்கள். இந்த முறை தட்டலாம்.

அலவி ஐயா நடந்தார். அதிபர் நடந்தார். தலைவர் நடந்தார். ஸஹாப்தீன் நானா சைக்கிளோடு நடந்தார். பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தோம். வழி வழுக்கியது, வரப்பு சரிந்தது, வாழைமட்டை காலை வாரியது. அதிபர் ஐயா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். உட்கார வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. காலைக் கடித்த அட்டைகள் யாரிடமும் பாகுபாடு காட்டவில்லை. ஓரிடத்தில் அலவி ஐயா காலைத் தூக்கினார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. சேற்றுக்குள் கையை விட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோயிற்றோ, மண் கொண்டுபோயிற்றோ, யாருக்கும் தெரியாது. இன்று அவர் காலில் புதுச் சப்பாத்து இருப்பதன் காரணம் இதுதான்.

நானா என்ன செய்தார்? சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். பாதையில் அன்று சைக்கிள் போனது உண்மை. ஆனால் சைக்கிளில் மனிதர் போகவில்லை, மனிதர் மேல் சைக்கிள் போனது.

ஓடைக்கு வந்து சேர்ந்தோம். மரக்கட்டையைக் காணவில்லை. அது இருந்த இடத்துக்கு மேலே செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஆத்துப் பிரிவுத் தாய்மார்கள்.  ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் சேறுமாக நின்ற அலவி ஐயா, போன முறை கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"இங்க என்ன குறை இருக்கு?"

தலைவர் மாரிசாமியின் கை தானாகக் கூப்பியது. வாய் தானாகத் திறந்தது. "ஒரு குறையும்..."

"இருக்குங்க."

குரல் அந்தக் கரையிலிருந்து வந்தது. எல்லோரும் பார்த்தோம். ஜெயமலர் அத்தை தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேசினார்.

"குறை இருக்குங்க ஐயா. என் புள்ள அந்தப் பக்கம் நிக்கிது, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். நடுவுல தண்ணி ஓடுது. தை பொறந்தா அவள கொழும்புக்கு அனுப்பப் போறேன், வீட்டு வேலைக்கு. படிக்கிற புள்ளைங்க. வாத்தியாரையே கேளுங்க. ஆசைப்பட்டு அனுப்பல. பொழுது போன பொறகு அவ வந்து சேர ஒரு வழி இல்ல, அதனால அனுப்புறேன். இதாங்க குறை. எழுதிக்கங்க."

அலவி ஐயா குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சொன்னார், "எனக்கும் இருக்குங்க." அவருக்குப் பக்கத்தில் நின்றவர், "என் மூத்தவளும் இப்புடித்தான் பள்ளிக்கொடத்த விட்டு நின்னாளுங்க." ஒருவர், இன்னொருவர், இன்னொருவர். கடைசியில் தலைவர் மாரிசாமிக்கும் வாய் வந்துவிட்டது. வந்ததோ, வந்தது. "ஆமாங்க ஐயா, குறை இருக்குங்க. பாதை இல்லைங்க. பாலம் இல்லைங்க. லயத்துக் கூரை ஒழுகுதுங்க. பைப்புல தண்ணி வரலைங்க..."

"தலைவர், நான் பாதைக்கு மட்டும்தான் வந்த" என்றார் அலவி ஐயா.

போன கிழமை அனுமதி வந்தது. நடைக்கும் சைக்கிளுக்கும் பாதை. ஓடைக்குக் கல்லால் பாலம். சித்திரையில் வேலை முடியுமாம்.

அன்பார்ந்த பெரியோர்களே, இவ்வளவு நேரம் உங்களைக் கேலி செய்தேன். இப்போது ஒன்று கேட்கிறேன். நாம் ஏன் குறை இல்லை என்றோம்? கூரை ஒழுகிய நாளிலும் குறை இல்லை என்றோம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து லொறி கிடைக்காத நாளிலும் குறை இல்லை என்றோம். வந்தவர் முகம் வாடக் கூடாது என்று நம் வாட்டத்தை மறைத்தோம். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று நம் நோவை மறைத்தோம். மற்றவரை மதிக்கத் தெரிந்த மனம் அது. அதை நான் இகழவில்லை. ஆனால் நம் மரியாதைக்கு விலை கொடுத்தது யார்? கையை உயர்த்தச் சொன்னபோது உயராமல் போனதே, அந்தக் கைகள் கொடுத்தன. கல்லுக்கு வெள்ளையடித்தால் கல் வெள்ளையாகும். வழுக்குகிற கால் நிற்குமா? கொடி கட்டினால் கரை அழகாகும். ஓடுகிற தண்ணீர் வற்றுமா?

இனி யார் வந்தாலும் மாலை போடுவோம். இளநீர் கொடுப்போம். பாட்டும் பாடுவோம். பாடி முடித்ததும், கும்பிட்ட கையை இறக்காமலே, குரல் நடுங்கினாலும் நிறுத்தாமலே, "குறை இருக்குங்க" என்று சொல்வோம். உரத்துச் சொல்ல முடிந்தவர் உரத்துச் சொல்லட்டும். முடியாதவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து "எனக்கும் இருக்குங்க" என்றாவது சொல்லட்டும். அன்று ஓடைக்கரையில் ஒரு தாய் சொன்னார். அதனால்தான் இன்று இந்த மேடை நிற்கிறது.

ஆனால் அதிபர் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எனக்கு ஒரு பதில் வேண்டும். இதைத் தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் ஒலிபெருக்கி உள்ள இடத்தில் கேட்கிறேன். ஜெயமலர் அத்தை, பாதை வரட்டும், பார்ப்போம் என்றீர்கள். அனுமதிதான் வந்திருக்கிறது, பாதை சித்திரையில்தான் வரும். தை மாதம் வதனி எங்கே இருப்பாள்? என் பக்கத்து இருக்கையிலா, கொழும்பிலா?

எழுந்து நில்லுங்கள் அத்தை. அந்தத் தூணை விடுங்கள்.

மண்டபத்துக் கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அத்தை சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "அந்த வீட்டுக்காரங்களுக்குப் போன கிழமையே சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லி. சித்திர வரைக்கும் நாங்க அம்மாமாரு மாத்தி மாத்தி வந்து கூட்டிட்டுப் போவோம். இம்புட்டு நேரம் நின்னு மூச்சு வாங்குறியே, வந்த ஒடனே கேட்டிருந்தா ஒத்த வார்த்தையில சொல்லியிருப்பேன்ல."

வதனி, உனக்கு இது தெரியுமா? தெரியாதாம். தலையை ஆட்டுகிறாள். நீங்கள் யாரும் இப்போது அவளைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. எல்லோரும் என்னைப் பாருங்கள். எனக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும்.

குடித்துவிட்டேன்.

சம்மதித்த துரைக்கும், சப்பாத்தை இழந்து எங்களுக்கு வழியைத் தந்த அலவி ஐயாவுக்கும், தள்ளிக்கொண்டே வந்த ஸஹாப்தீன் நானாவுக்கும், என் கேலியைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் அதிபருக்கும், வீட்டுக்குப் போனதும் என்னிடம் கணக்குக் கேட்கப்போகும் அப்பாவுக்கும், நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. மேலும் ஒரு வார்த்தை சொல்லி...

நிகழ்ச்சி நிரலில் அடுத்து உள்ள நாடகத்துக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நான் கைகூப்பியதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கூப்பினேன், நம்புங்கள். வணக்கம்.